காளைக்குப் பெயர் உண்டு, கயிறு பிடித்தவருக்கு?

கால்நடைக் கண்காட்சிகளில் எடுக்கப்படும் புகைப்படங்களுக்கென்று ஒரு பொது இலக்கணம் உண்டு. பரிசு பெற்ற காளை பக்கவாட்டில் நிற்கும். திமிலும் முதுகுக் கோடும் கால்களின் நிலையும் தெளிவாகத் தெரியும். படத்தின் கீழே காளையின் பெயர், இனம், வயது, உரிமையாளரின் பெயர் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். கயிற்றைப் பிடித்தபடி ஓரத்தில் ஒருவர் நிற்பார். பல படங்களில் அவருடைய பாதி உடல்தான் சட்டகத்துக்குள் இருக்கும். அவருடைய பெயர் இராது. அவர் அருகில் இல்லையென்றால் அந்தக் காளை அப்படி அசையாமல் நின்றிருக்காது என்பது படம் எடுத்தவருக்குத் தெரியும். பல்லாண்டுகள் கழித்து ஆவணக் காப்பகத்தில் அப்படத்தைப் புரட்டும் ஆய்வாளருக்கு அது தெரிவதில்லை.

ஒரே குடும்பம் தலைமுறைகளாக நடத்திவந்த மாட்டினப் பெருக்கப் பண்ணைகளைப் பற்றிய வரலாறுகளில் பெரும்பாலானவை இப்புகைப்படத்தின் இலக்கணத்தையே பின்பற்றுகின்றன. அவற்றில் விலங்குக்கு வம்சாவளி உண்டு. உரிமையாளருக்கும் வம்சாவளி உண்டு. பணியாளருக்கு 'அனுபவம்' மட்டுமே உண்டு. 'நீண்ட அனுபவமுள்ள பணியாட்கள்' என்பது பாராட்டாகத்தான் எழுதப்படுகிறது. ஆனால் உரிமையாளர் செய்ததைத் 'தொலைநோக்கு' என்றும், கால்நடை மருத்துவர் செய்ததை 'அறிவியல்' என்றும், மேய்ப்பவர் செய்ததை 'அனுபவம்' என்றும் பிரித்தெழுதும்போது, ஓர் இனத்தை உருவாக்கியவர் யார் என்ற வழக்கு விசாரணையின்றியே தீர்ந்துவிடுகிறது. அத்தீர்ப்பு மறு ஆய்வுக்கு உரியது. அதற்கு மிகுதியாக ஆவணப்படுத்தப்பட்ட ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வதே முறை.

டெக்சஸ் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள கிங் பண்ணை அத்தகையது. நான்கு பிரிவுகளாகப் பரந்திருக்கும் அதன் நிலப்பரப்பு 8,25,000 ஏக்கர். ரோட் ஐலண்ட் என்னும் மாநிலத்தைவிடப் பெரியது. 1853இல் அதைத் தொடங்கிய ரிச்சர்ட் கிங், நியூயார்க்கில் ஐரிஷ் குடியேறிகளுக்குப் பிறந்தவர். நகைத் தொழில் பயில விடப்பட்ட இடத்திலிருந்து சிறுவயதிலேயே ஓடிப்போனவர். ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகுத் தலைவராக இருந்தவர். நிலம் வாங்கத் தெரிந்த அவருக்கு மாடு தெரியாது. 1854இல் வடக்கு மெக்சிகோவின் தமௌலிபாஸ் பகுதியில், வறட்சியால் நொடித்துப்போயிருந்த குரூயாஸ் என்னும் ஊரின் மாடுகளை அவர் மொத்தமாக விலைக்கு வாங்கினார். பிறகு அவ்வூர் மக்களையே தம் பண்ணைக்கு அழைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் உடைமைகளோடு வடக்கே நடந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் 'கினேனியோ' எனப்பட்டனர். 'கிங்கின் ஆட்கள்' என்பது அதன் பொருள்.

இப்பெயர்வைக் கிங்கின் பெருந்தன்மையாகச் சொல்லும் மரபு உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் மாட்டை மட்டும் வாங்கினால் பண்ணை அமையாது என்பதை அந்தப் படகுத் தலைவர் விரைவிலேயே கண்டுகொண்டார் என்றும் இதைப் படிக்கலாம். குதிரைமேல் அமர்ந்து முட்காட்டில் மாடு மடக்கும் கலை, ஸ்பானியக் குடியேற்றக் காலத்திலிருந்து அந்த மக்களிடம் வளர்ந்து வந்தது. 'வக்கேரோ' என்ற அவர்களுடைய தொழிற்பெயர்தான் ஆங்கிலத்தில் சிதைந்து 'பக்கரூ' ஆயிற்று. திரைப்படங்கள் கொண்டாடும் கௌபாயின் கயிறும் சேணமும் சொற்களும் பெரும்பகுதி அவர்களிடமிருந்து வந்தவை. அந்நிலத்தை மூடியிருக்கும் மெஸ்கீட் மரம், தமிழகத்துச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அந்த முள்ளுக்குள் மாடு ஓட்டுவது எத்தகைய வேலை என்பதை இராமநாதபுரத்து வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கிங் பண்ணையின் பெயர் உயிரின வரலாற்றில் நிலைத்ததற்குக் காரணம் அதன் பரப்பன்று. சாந்தா கெர்ட்ரூடிஸ் என்னும் இனம். ஷார்ட்ஹார்ன் முதலிய ஐரோப்பிய மாடுகள் தென் டெக்சஸின் வெயிலையும் உண்ணியையும் தாங்கவில்லை. உண்ணியால் பரவும் காய்ச்சல் அக்காலத்தில் அமெரிக்க மாட்டுத் தொழிலையே அச்சுறுத்திய நோய். உண்ணியே அதைக் கடத்துகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் நிறுவியது 1893இல்தான். வெயிலையும் உண்ணியையும் தாங்கும் திமில் மாடுகளை ஷார்ட்ஹார்னுடன் கலக்கும் முயற்சி 1910களில் பண்ணையில் வேர்கொண்டது. 1920இல் செந்நிறக் கன்று ஒன்று பிறந்தது. அதன் தந்தை பிராமன் காளை. தாய், திமில் மாட்டின் கலப்பு சிறிதளவு உடைய கறவை ஷார்ட்ஹார்ன். சேட்டைக்காரக் கன்றாதலால் அதற்கு 'மங்கி', அதாவது குரங்கு, என்று பெயரிட்டார்கள் என்பர். 1932இல் இறப்பதற்குள் பொலிகாளையாகத் தக்க ஏறத்தாழ 150 மகன்களை அது ஈன்றிருந்தது. எட்டில் மூன்று பங்கு பிராமனும் எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்னுமாக நிலைபெற்ற அவ்வினத்தை 1940இல் அமெரிக்க வேளாண் துறை ஏற்றது. அந்நாட்டில் உருவாக்கப்பட்ட முதல் இறைச்சி மாட்டினம் அதுவே.

இச்சாதனை ராபர்ட் க்ளேபர்க் இளையவர் பெயரில் எழுதப்பட்டுள்ளது. நிறுவனரின் மகள்வழிப் பேரரான அவர் 1974இல் இறக்கும்வரை பண்ணையை நடத்தியவர். அவருடைய பங்கைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஒரு காளையின் வழியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் மகன்களையும் பேத்திகளையும் மீண்டும் மீண்டும் இணைத்து ஓர் இனத்தை நிலைநிறுத்துவது பொறுமையும் துணிவும் வேண்டும் வேலை. முதல் இருபது ஆண்டுகள் இலாபம் தெரியாது. அந்தப் பொறுமைக்குப் பணம் வேண்டும். 1933இல் ஹம்பிள் எண்ணெய் நிறுவனத்தோடு செய்துகொண்ட குத்தகை பின்னர் அதைத் தந்தது. நிலம் சிதறாமல் ஒரே குடும்பத்திடம் இருந்ததும் அதற்குத் துணையாயிற்று. பங்குதாரருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்தால் இத்தகைய முயற்சியைத் தாங்கியிருக்க முடியாது. குடும்பப் பண்ணை என்னும் வடிவத்துக்கு வரலாற்றில் உள்ள நியாயம் இதுவே: மாட்டின் தலைமுறையும் மனிதரின் தலைமுறையும் ஒரே காலக்கணக்கில் நடக்க அது இடம் தருகிறது.

அந்த நியாயம் பணியாளருக்கும் பொருந்தும் என்பதைத்தான் வரலாறுகள் விட்டுவிடுகின்றன. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருக்கும்போது நல்ல பண்புகள் மட்டுமா இறுகும்? மறைந்திருந்த குறைகளும் வெளிப்படும். எழ முடியாத கன்று, தாயை அண்டாத கன்று, பால் இருந்தும் கன்றைச் சேர்க்காத பசு, ஆண்டுதோறும் சினைபிடிக்கத் தவறும் கிடாரி, கோடையில் நிழலை விட்டு அகலாத காளை, காரணமின்றி மிரளும் வம்சம் ஆகியவற்றை யார் காண்கிறார்? ஆண்டுக்குச் சில முறை மந்தையைப் பார்வையிடும் உரிமையாளர் காண்பது, ஏற்கெனவே வேறொருவர் கண்டு பிரித்து நிறுத்திய மாடுகளையே. கிங் பண்ணையில் 'கொரீடா' எனப்பட்ட மேய்ச்சல் முகாம் ஒன்றுக்குக் 'கபோரால்' என்னும் தலைவர் இருந்தார். அவருக்குக் கீழே மாடு மடக்குவோர், மாற்றுக் குதிரைகளைக் காப்பவர், சமையற்காரர் என்று ஒரு முழு அமைப்பு வெட்டவெளியில் வாரக்கணக்கில் மந்தையோடு வாழ்ந்தது. மரபணுச் சோதனை இல்லாத அக்காலத்தில், எந்தக் கன்று எந்தப் பசுவுடையது என்பதற்கு அவர்களுடைய கண்ணே சாட்சி. வம்சாவளிப் பேரேட்டின் ஒவ்வொரு வரியும் அத்தகைய கண்பார்வையை நம்பித்தான் எழுதப்பட்டது. கூட்டத்தில் தாயையும் கன்றையும் தவறாகச் சேர்த்துவிட்டால் பேரேடும் அதை வைத்து எடுக்கும் முடிவும் பொய்யாகும்.

எனவே இனப்பெருக்கத்தில் 'தேர்வு' என்று பாடநூல்கள் கூறும் செயல் ஒரே இடத்தில் ஒருவரால் நிகழ்வதில்லை. எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை உரிமையாளர் முடிவு செய்கிறார். அத்திசையில் நாள்தோறும் சிறு சிறு முடிவுகளை எடுப்பவர் வேறொருவர். முன்னது கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும் பதிவாகிறது, பின்னது பதிவாவதில்லை. ஆவணத்தை மட்டும் நம்பும் வரலாற்று முறை முன்னதையே முழு உண்மையாகக் கொள்வதில் வியப்பில்லை. டாம் லீ 1957இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய பண்ணை வரலாறு அழகான நூல்தான். ஆனாலும் அதன் மையம் உரிமையாளர் குடும்பமே. வக்கேரோ குடும்பங்களின் வாய்மொழியை மண்டேயும் கோலியும் நேர்கண்டு தொகுத்து நூலாக்கியது 1997இல். இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். மங்கி கன்றாயிருந்ததைக் கண்ட தலைமுறையில் பெரும்பாலோர் அதற்குள் மறைந்திருப்பர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பணியாளரின் அறிவைப் போற்றும் எழுத்து, அவர்களைப் பண்ணையோடு பிணைத்த உறவையும் சேர்த்துப் போற்றிவிடும் ஆபத்து உண்டு. கினேனியோக்களுக்கு வீடு, உணவுப்பொருள், பள்ளி, முதுமையில் ஆதரவு ஆகியவை கிடைத்தன. நிலத்தில் பங்கு கிடைக்கவில்லை. பண்ணைக்கு வெளியே இருந்த மெக்சிகோ வம்சாவளியினரின் நினைவு வேறானது. டெக்சஸ் ரேஞ்சர் படையினரை அவர்கள் கிங் பண்ணையின் ரேஞ்சர்கள் என்றே பழித்தனர் என்பதை அமெரிக்கோ பரேதெஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரே பண்ணை, வேலிக்கு உள்ளே காப்பாளனாகவும் வெளியே கவர்ந்தவனாகவும் நினைவில் நின்றது. 'எங்கள் குடும்பத்தைப் போல' என்று உரிமையாளர்கள் சொல்வதில் உள்ள 'போல' என்ற சொல்லை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். ஒரே மாதிரி நீண்ட இரு வம்சங்களில் ஒன்று சொத்தை வாரிசுக்கு விட்டுச் செல்கிறது. மற்றொன்று வேலையை விட்டுச் செல்கிறது.

அந்தச் சங்கிலி அறுபட்ட விதமும் படிக்கத்தக்கது. பண்ணையின் சாந்தா கெர்ட்ரூடிஸ் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்த லாரோ கவாசோஸ் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவருடைய மகன்களில் ஒருவர் 1988இல் அமெரிக்கக் கல்வித்துறைச் செயலரானார். ஸ்பானிய வழி மரபினரில் அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல்வர் அவரே. இன்னொரு மகன் அம்மரபினரில் நான்கு நட்சத்திரத் தளபதியான முதல்வர். கல்விச் செயலராயிருந்தவர் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பிலேயே தம்மைக் கினேனியோ என்று குறிப்பிட்டுக்கொண்டார். மேற்பார்வையாளரின் மகன் மேற்பார்வையாளராகாமல் போனது பண்ணைக்கு இழப்பு; அக்குடும்பத்துக்கு விடுதலை. 'பழைய ஆட்கள் கிடைப்பதில்லை' என்று புலம்பும் எந்தப் பண்ணையாரும் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

இந்தியச் சூழலில் இந்த இரண்டாம் பாதியே கூர்மையான கேள்வியாகிறது. பிராமன் என்று அமெரிக்கர் அழைத்த அந்தத் திமில் மாடுகள் வானத்திலிருந்து விழவில்லை. நெல்லூர் எனப்பட்ட ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் முதலிய இந்திய இனங்களின் கலவையே பிராமன். டெக்சஸில் இருந்த பியர்ஸ் பண்ணைக்காக 1906இல் ஏ.பி. போர்டனின் முயற்சியால் இந்தியாவிலிருந்து காளைகள் இறக்குமதியாயின. கிங் பண்ணை தன் பிராமன் காளைகளை வாங்கியது பியர்ஸ் பண்ணையிடமிருந்துதான். மங்கியின் உடலில் இருந்த உண்ணி எதிர்ப்பும் வெயில் தாங்கும் திறனும் ஆந்திரக் கரிசலிலும் குஜராத் புல்வெளியிலும் பல நூற்றாண்டுகள் மாடு வளர்த்தவர்களின் தேர்வால் திரண்டவை. அமெரிக்கப் பதிவில் இறக்குமதி செய்தவரின் பெயர் இருக்கிறது. அந்த மாடுகளை வளர்த்துத் தந்தவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதை மேலைநாட்டார் இழைத்த அநீதி என்று மட்டும் முடித்துக்கொள்வது வசதியான வாசிப்பு. உள்நாட்டுப் பதிவுகளும் அதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டன. கொங்கு நாட்டின் காங்கேயம் இனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் வளர்ச்சியைப் பேசும் எந்த நூலும் பாளையக்கோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் மந்தையைக் குறிப்பிடாமல் செல்வதில்லை; அதற்குத் தகுதியான பங்கு அக்குடும்பத்துக்கு உண்டு. ஆயினும் கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் நிறைந்த மேய்ச்சலில், நாள் முழுவதும் மாட்டோடு இருந்தவர்கள் வேறு பலர். செந்நிறத்தில் பிறந்து சில மாதங்களில் வெளுக்கும் கன்று மயிலையாகுமா, காரியாகுமா, பிள்ளையாகுமா என்று பார்த்தவுடன் சொல்லும் கண்; சுழி பார்த்து, நடை பார்த்து, குளம்பின் ஒலி கேட்டு ஏருக்கும் வண்டிக்கும் தரம் பிரிக்கும் திறன்; இவை பண்ணையாரின் திண்ணையில் மட்டும் இருந்தவை அல்ல.

கொங்குப் பண்ணைகளில் ஆடு மாடு மேய்த்தவர்களுள் கணிசமானோர், பெற்றோர் பட்ட கடனுக்கு ஈடாகப் பண்ணையத்தில் விடப்பட்ட தலித் சிறுவர்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் அந்த உலகத்தைத்தான் பேசுகிறது. அதில் வருவன ஆடுகள் என்றாலும் பண்ணைய உறவு ஒன்றே. இச்சிறுவர்கள் வளர்ந்து 'அனுபவமுள்ள ஆள்' ஆனபோது, அந்த அனுபவத்தின் தொடக்கம் பள்ளி மறுக்கப்பட்ட ஒரு குழந்தைப் பருவமாக இருந்தது. மரபறிவு அழிகிறது என்று கவலைப்படும் கட்டுரைகள் இவ்வறிவு எந்த விலையில் சேர்ந்தது என்பதையும் எழுதினால்தான் அக்கவலைக்கு நேர்மை உண்டாகும். அறிவு பாதுகாக்கப்பட வேண்டும். அதைச் சுமந்தவரின் பிள்ளைகள் அதே வேலையில் நீடிப்பதால் பாதுகாக்கப்படக் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்ற ஒரே வழி, அவ்வறிவை அதன் உரியவர் பெயரோடும் சொல்லோடும் பதிவு செய்து, கற்பிக்கத்தக்க பாடமாக்குவதும், அதற்குரிய ஊதியத்தைத் தருவதும்தான். பண்ணை மேலாண்மையை முதுகலைப் படிப்பாகக் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று, கிங் பண்ணையின் பெயரிலேயே 2003இல் டெக்சஸில் தொடங்கப்பட்டது. பண்ணை நடத்துவது பட்டத்துக்குரிய அறிவாயிற்று என்றால், மாட்டைப் பார்த்தவுடன் படிக்கும் திறன் அதே தகுதியை ஏன் பெறக் கூடாது?

பல்கலைக்கழகங்களின் களப்பணி முறையும் இதில் குற்றமற்றதன்று. மாட்டினம் பற்றி ஆராய வரும் மாணவர் உரிமையாளரின் வீட்டுக்குச் செல்கிறார். திண்ணையில் நாற்காலி போடப்படுகிறது, தேநீர் வருகிறது, வினாத்தாள் நிரப்பப்படுகிறது. 'எங்கே, அந்த மயிலைக் காளையைப் பிடித்து வா' என்று குரல் போகிறது. ஒருவர் காளையோடு வந்து முற்றத்தில் நிற்கிறார். காளையின் திமில் உயரமும் மார்புச் சுற்றளவும் அவர் கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்க அளக்கப்படுகின்றன. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்து உதவுபவரும் அவரே. இடையில் அவர் ஏதேனும் சொன்னால், பெரும்பாலும் உரிமையாளர் அதைத் திருத்தியோ சுருக்கியோ மாணவருக்குச் சொல்கிறார். ஆய்வேட்டின் நன்றியுரையில் உரிமையாளரின் பெயர் வருகிறது. 'தகவலாளி' என்ற பட்டியலிலும் அவர் பெயரே. நேர்காணலை மேய்ச்சல் காட்டில், உரிமையாளர் உடனில்லாத நேரத்தில், மேய்ப்பவரின் வேலை கெடாத வகையில் நடத்த வேண்டும் என்பது பெரிய கோட்பாட்டுப் புரட்சி அன்று. அதற்குக் கூடுதலாக இரண்டு நாளும், வெயிலில் நடக்கும் மனமும் போதும்.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ஓர் இனத்தை விவரித்துப் பதிவதற்கு வகுத்துள்ள படிவத்தில், அவ்வினத்தை உருவாக்கக் காரணமான சமூகங்கள் எவை என்று கேட்கும் பத்தி ஒன்று உண்டு. அந்தக் கேள்வி இடம்பெற்றிருப்பதே பாராட்டத்தக்கது. கட்ச் பகுதியின் மால்தாரிகள் வளர்த்த பன்னி எருமை 2010இல் தனி இனமாக ஏற்கப்பட்டபோது, மேய்ப்போரின் பெயர் இனத்தோடு சேர்ந்து பேசப்பட்டது. ஆனால் மால்தாரிகள் தம் எருமைகளுக்குத் தாமே உரிமையாளர். ஒருவர் உடைமையாளராகவும் மற்றொருவர் வளர்ப்பவராகவும் இருக்கும் பண்ணைகளில் அந்தப் பத்தியை நிரப்புபவர் வழக்கமாக ஒரே ஒரு சாதிப் பெயரை எழுதி அடுத்த வரிக்குச் சென்றுவிட இயலும். அங்கே இரண்டாவது பெயரையும் எழுத இடமுண்டு. அதை எழுதுவதற்கு முன், கயிற்றைப் பிடித்து நிற்பவரிடம் அவருடைய பெயரைக் கேட்க வேண்டியிருக்கும்.